பெரிய வெள்ளியன்று கிளட்ச் மாற்றியவள்

அம்மா இந்த மார்ச்சில் இறந்தாள். அடக்கப் பூசைக்கு வந்தவர்கள் அவளுடைய ரொட்டியைப் பற்றியும் ஜெபமாலையைப் பற்றியும் முதியோர் இல்லத்தில் அவள் பார்த்த வேலையைப் பற்றியும் சொன்னார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் ஷெட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

பெயர் ஜெனவீவ் கரீன். ஊருக்கு ஜென். ஊர், நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் ஸ்கிஃப் கோவ்: கொஞ்சம் வீடுகள், ஒரு கோயில், ஒரு படகுத்துறை, ஒரு மேடு. மேட்டில் ஏறாமல் எங்கேயும் போக முடியாது. பள்ளியை விட்டதிலிருந்து அம்மா மீன் ஆலையில் காட் மீன் அறுத்தாள். அறுக்கும் எந்திரம் நின்றுபோனால் மெக்கானிக் வருவதற்குள் அவளே மூடியைக் கழற்றி உள்ளே தலையை விட்டிருப்பாள். காட் பிடிக்கத் தடை வந்தது, ஆலை மூடியது. அப்பா சிரில் ஆல்பர்ட்டாவுக்கு எண்ணெய் வயல் வேலைக்குப் போனார். அம்மா நாற்பத்தாறு வயதில் நோயாளிப் பராமரிப்புப் படிப்பில் சேர்ந்தாள். வகுப்பில் இருந்த மற்றவர்களுக்கெல்லாம் என் வயது.

படித்து முடித்ததும் டவுனில் இருந்த முதியோர் இல்லத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. முதல் நாள் ஈஸ்டர் திங்கள், காலை ஷிப்ட். வராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். டவுன் அறுபது கிலோமீட்டர். பஸ் கிடையாது.

நான் அப்போது செயின்ட் ஜான்ஸில் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு. புனித வாரத்தின் நடுவில் அவள் போன் செய்தாள்.

"பெர்னி, கிளட்ச் போயிருச்சு. மேட்டுல இன்ஜின் கத்துது, வண்டி நிக்குது."

"கேபிள் இறுகியிருக்கும்மா. அதைக் கொஞ்சம் தளர்த்திப் பாரு."

"பாத்தாச்சு. நான் என்ன நேத்துப் பொறந்தவளா? வியாழக்கெழமை வேன்ல வர்றப்ப கிளட்ச் செட்டு ஒண்ணு வாங்கிட்டு வா. பிளேட்டு, கவரு, பேரிங்கு, மூணும் இருக்கணும். பாடப் புத்தகம் வராட்டிப் பரவால்ல."

"ஒர்க்‌ஷாப்ல விடேன்."

"செவ்வாய்க்கெழம வரைக்கும் தொறக்க மாட்டாங்க. எனக்கு திங்கக்கெழம வேணும்."

"ஃபான்ஸ் சித்தப்பா லாரில கொண்டு விட மாட்டாரா?"

"விடுவான். மொத நாளே அடுத்தவன் வண்டியில போய் எறங்குனா, அப்புறம் அவனுக்குச் சளி புடிச்சாக்கூட என் வேலை போயிரும். அதோட அன்னிக்குத்தான் நண்டு சீசன் தொடங்குது. கிளட்ச்சோட வா."

வண்டி சின்ன ஜப்பான் கார். பழசு. தரையெல்லாம் உப்பு தின்றது, இன்ஜின் மட்டும் நன்றாக இருந்தது. கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அம்மா அப்பாவோடு சேர்ந்து ஒருமுறை செய்திருக்கிறாள். அப்போது டார்ச் பிடித்தது அப்பா.

நான் போய்ச் சேர்ந்தபோது வியாழன் சாயங்காலம். ஷெட்டுக்குள் சுத்தியல் சத்தம். கார் படகுக் கட்டைகள் மேல் ஏறி நின்றது. அம்மா அப்பாவின் பழைய மேலங்கியில் காருக்கு அடியில் கிடந்தாள்.

"இவ்வளவு அவசரமா என்னம்மா அடிக்கிறே?"

"நாளைக்கு அடிக்க முடியாதுல்ல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெரிய வெள்ளியன்று எங்கள் ஊரில் யாரும் ஆணி அடிக்க மாட்டார்கள். இரும்பை இரும்பால் அடிப்பது ஆண்டவர் கையில் அடித்ததற்குச் சமம். யாரும் சட்டம் போடவில்லை. யாரும் மீறியதுமில்லை. அதனால் அம்மா அடித்துக் கழற்ற வேண்டியதையெல்லாம் முதல் நாளே பட்டியல் போட்டு அடித்துக்கொண்டிருந்தாள். ஆக்சில் நட்டுகள், சக்கரத்தைப் பிடிக்கும் துருப்பிடித்த கீழ்க் கைகள், மூட்டுகள். இருட்டுவதற்குள் முடித்து சுத்தியலைச் சாக்கில் சுற்றி மேலே வைத்தாள்.

"இனிமே எல்லாம் திருகுறதுதான்," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை ஃபான்ஸ் சித்தப்பா வந்தார். அப்பாவின் தம்பி, நண்டுப் படகு வைத்திருப்பவர். கூடவே அவர் படகில் வேலை செய்யும் ஆம்ப்ரோஸ் டோபின். இருவர் கையிலும் தேநீர்க் கோப்பை. சித்தப்பா கோயில் பக்கம் எட்டிப் பார்த்து வருடக்கணக்காகிவிட்டது. ஆனால் ஆணி விஷயத்தில் மட்டும் போப்பாண்டவர்.

"ஜென், பொண்ணே, இன்னிக்கா இந்த வேலை?"

"அடிக்கலியே. திருகுறேன்."

"இரும்புதானே?"

"ஃபான்ஸ், அவரச் சிலுவையில ஆணி வச்சு அடிச்சாங்களா, ஸ்பேனர் வச்சுத் திருகுனாங்களா?"

சித்தப்பா யோசித்தார். ஆம்ப்ரோஸைப் பார்த்தார்.

"திருகுனதா எங்கயும் எழுதல," என்றார் ஆம்ப்ரோஸ்.

"அப்ப வந்து ஒரு கை குடுங்க. சும்மா நின்னு டீ குடிச்சா ஒத்தச்சந்தி நோன்பு முறிஞ்சிரும்."

வேலை நன்றாக ஓடியது. பேட்டரி வெளியே வந்தது. எண்ணெய் வடிந்தது. ஆக்சில்கள் இரண்டும் உருவி வந்தன. இன்ஜினைப் படகுக் கயிற்றால் உத்திரத்தில் கட்டினோம். கயிறு கட்டுவதில் அந்த இருவரையும் யாரும் குறை சொல்ல முடியாது. கியர்பாக்ஸைச் சுற்றியிருந்த போல்ட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அம்மா அவற்றை ரொட்டித் தட்டில், எந்த ஓட்டை எந்த போல்ட் என்று அதே வட்டத்தில் அடுக்கினாள்.

கடைசி போல்ட் வந்தது. கியர்பாக்ஸ் வரவில்லை.

இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இரண்டு இரும்புப் பின்கள் உண்டு. அவை அலுமினிய உறைக்குள் துருவால் பிடித்துக்கொண்டிருந்தன. நாலு அடி அடித்தால் வந்துவிடும். பட்டியலில் அம்மா விட்டது அந்த ஒன்றைத்தான்.

எல்லோர் கண்ணும் மேலே சாக்கைப் பார்த்தது.

"மரச் சுத்தியல்?" என்றேன்.

"சிலுவையே மரந்தான் மவளே," என்றார் ஆம்ப்ரோஸ், வருத்தத்தோடு.

அம்மா உறையை விரலால் தட்டிப் பார்த்தாள். "இது அலுமினியம். பின்னு எஃகு. பெர்னி, சூடு பண்ணுனா எது அதிகமா விரியும்?"

"அலுமினியம். ரெண்டு மடங்கு."

"கெட்டிலைப் போடு."

கொதிக்கும் நீரை இரண்டு கெட்டில்களில் மாற்றி மாற்றிக் கொண்டு வந்தேன். அம்மா பின் இருக்கும் இடத்தில் மட்டும் மெதுவாக ஊற்றினாள். ஷெட் முழுக்க ஆவியும் கியர் எண்ணெய் வாடையும். ஆம்ப்ரோஸ் இடுக்கில் கடப்பாரையை வைத்து மெல்ல எத்தினார். மூன்றாவது கெட்டிலில் 'டக்' என்றது. கியர்பாக்ஸ் ஜாக்கியின் மேல் விரல் அகலம் நகர்ந்து நின்றது.

"இது பாவத்துல சேராதே?" என்றார் சித்தப்பா.

"சுடுதண்ணி பாவம்னா டீயும் பாவந்தான்," என்றாள் அம்மா.

மதியத்துக்குள் பழைய பிளேட்டை எடுத்துப் புதியதை இன்ஜின் முனைச் சக்கரமான ஃபிளைவீலில் வைத்து, நடுவுக்குக் கொண்டு வந்து, கவரை முடுக்கிவிட்டோம். பிளேட்டின் நடுவிலிருக்கும் பல் வளையத்துக்கு அம்மா சுண்டுவிரல் நுனியால் கிரீஸ் தொட்டு வைத்தாள், நெற்றியில் சாம்பல் பூசுவதுபோல. அவ்வளவுதான் வைக்க வேண்டும். பிறகு கை கழுவி நானும் அம்மாவும் மூன்று மணி வழிபாட்டுக்குப் போனோம். ஆம்ப்ரோஸும் வந்தார். சிலுவையை முத்தமிடக் குனிந்தபோது அம்மாவின் நகக்கண்ணில் இன்னும் கறுப்பு இருந்தது. சாமியார் பார்த்தார்.

சித்தப்பா ஷெட்டிலேயே இருந்தார். "முட்டி வலி. நான் காவல் பாக்குறேன்," என்றார்.

திரும்பி வந்து நால்வருமாகக் கியர்பாக்ஸைத் தூக்கி உள்ளே தள்ளினோம். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. வெளியே மூடுபனி, உள்ளே ஒரே ஒரு பல்பு. இவ்வளவு சுலபமாகப் போகிறதே என்று அம்மா சந்தோஷப்பட்டாள். போல்ட்டுகளை முடுக்கினோம். இரவுக்கு உப்புக் கருவாடும் உருளைக்கிழங்கும்.

சனிக்கிழமை ஆக்சில்களை மாட்டி, எண்ணெய் ஊற்றி, பேட்டரியைக் கட்டினோம். அம்மா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைப் போட்டாள். சித்தப்பா ஜன்னலில் சாய்ந்து நின்றார். முகத்தில் ஒரு பெருமை.

"இந்த தடவ உனக்கு ஆயுசுக்கும் கவலை இல்ல ஜென். நீ வச்சிருந்த கிரீஸு கொசுவுக்குக்கூடப் பத்தாது. நேத்து நீ கோயிலுக்குப் போனப்ப நான் நல்லா அடைச்சு வச்சேன்."

அம்மாவின் கை சாவியிலேயே நின்றது.

"எங்க அடைச்சே?"

"நடு ஓட்டையில. படகு வின்ச்சுக்கு வைக்குற கிரீஸு. உப்பு என்ன, பிசாசே வந்தாலும் உள்ள போகாது."

"எவ்வளவு?"

"ஒரு முட்டை அளவு."

"கோழி முட்டையா, கடற்காக முட்டையா?"

சித்தப்பாவின் பெருமை லேசாகக் குறைந்தது. "கடற்காகம்னு வச்சுக்கோயேன்."

அம்மா சாவியைத் திருப்பாமல் வெளியே எடுத்தாள்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் கரையில் கிரீஸ் வைக்காத எதையும் உப்பு தின்றுவிடும். கீல், பூட்டு, தையல் எந்திரம், கல்லறைக் கதவு, எல்லாவற்றுக்கும் வைப்போம். யாரையும் கேட்டுவிட்டு வைக்கிற வழக்கம் கிடையாது. ஆனால் இன்ஜின் சுற்றினால் அந்த கிரீஸ் பிளேட்டெல்லாம் தெறிக்கும். பிளேட் வழுக்கும். வேறு பிளேட் செவ்வாய்க்கிழமைதான் கிடைக்கும். திங்கள் காலை வேலை வேறொருத்திக்குப் போகும்.

"கிரீஸ் வச்சு எது கெட்டுருக்கு?" என்றார் சித்தப்பா.

"ஃபான்ஸ், இது உரசுனாத்தான் வேலை செய்யும். இந்த வண்டியில வழுக்கவே கூடாத சாமான் ஒண்ணே ஒண்ணு, அது இதுதான்."

"பிரேக்கையும் சேத்துக்கோம்மா," என்றேன்.

அம்மா மெதுவாகச் சித்தப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"பிரேக்கை நான் தொடல," என்றார் அவர் அவசரமாக. "மாதா சத்தியமா."

ஆம்ப்ரோஸ் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

அம்மா கத்தவில்லை. இந்த இடத்தில் அவள் கத்தினாள் என்று ஊரில் சொல்வார்கள், அது பொய். மேலங்கியின் பொத்தானை மறுபடி கழுத்து வரை போட்டாள். "நாளைக்கு ஞாயித்துக்கெழம, வேலை கிடையாது. இன்னிக்கு ராத்திரி திருவிழிப்புப் பூசை. அதுக்குள்ள இதை எறக்கி ஏத்தணும். ரெண்டாவது தடவ எதுவும் இறுகியிருக்காது. பெர்னி, எண்ணெயைச் சுத்தமான வாளியில புடி, திரும்ப ஊத்தணும்."

சித்தப்பா ஓடிப்போய் ஒரு பெரிய சுத்தியலோடு வந்தார். "இன்னிக்கு அடிக்கலாம்ல?"

"அடிக்க ஒண்ணும் இல்ல. பின்னு ரெண்டையும் நேத்தே தேச்சு வச்சுட்டேன். நீ கயித்தப் புடி."

கியர்பாக்ஸ் இந்த முறை பாதி நேரத்தில் வெளியே வந்தது. கவரின் போல்ட்டுகளைக் கழற்றத் தொடங்கினோம். கிரீஸ் முழுவதும் ஃபிளைவீலின் நடுக்குழிக்குள் தள்ளப்பட்டு, கேக்கின் மேல் பூசிய கிரீம்போல உட்கார்ந்திருந்தது. இன்ஜின் சுற்றவில்லை, அதனால் பிளேட்டின் உரசும் முகத்துக்கு இன்னும் வரவில்லை. அம்மாவின் முகம் தெளிந்தது. கடைசி போல்ட்டை எடுத்தாள். பிளேட் நழுவியது.

சித்தப்பா பிடித்துவிட்டார். இரண்டு கையாலும். அப்போதுதான் நடுவளையத்தைத் துடைத்த கைகள்.

"விழுந்து ஒடைஞ்சிரும்னு..." என்றார்.

பிளேட்டின் இரண்டு பக்கமும் பத்து விரலும் பதிந்திருந்தன. போலீஸ் எடுத்தால்கூட அவ்வளவு தெளிவாக வராது. அவர் அதைக் கீழே வைக்கவும் தெரியாமல், கொடுக்கவும் தெரியாமல் நின்றார். ஐம்பது வயது ஆள். புயலில் படகை ஓட்டிக் கரை சேர்த்தவர்.

"ஜென், ஒன் வேலையக் கெடுத்துட்டேன்."

"இன்னும் கெடல. குடு இப்பிடி."

கிரீஸோ எண்ணெயோ பட்ட பிளேட்டைத் தூக்கிப் போடு என்கிறது கையேடு. நான் அதைச் சொன்னேன். கையேடு சரி. கடை செவ்வாய்க்கிழமை திறக்கும் என்பதும் சரி. நடுவில் திங்கள் இருந்தது.

"உள்ள எறங்கியிருக்குமா?" என்று அம்மா என்னைக் கேட்டாள்.

"சூடு ஆகலையே. மேலாகத்தான் இருக்கும். ஆனா அதை வெளிய இழுக்கணும். துடைச்சா மட்டும் போதாது."

"மேசைவிரிப்புல மெழுகு விழுந்தா எப்படி எடுப்போம்?"

நான் அவளைப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டியும் பழுப்புக் காகிதமும். சூட்டில் மெழுகு இளகும், காகிதம் உறிஞ்சும். கிரீஸுக்கும் அதே கணக்குதான்.

"முதல்ல பிரேக் கிளீனர் அடிக்கலாம்," என்றேன். "மணல்காகிதம் லேசா. அப்புறம் இஸ்திரி."

சமையலறையில் இஸ்திரி மேசை விரித்தபடியே இருந்தது. காலையில்தான் திங்கட்கிழமைக்கான வெள்ளைச் சீருடையைத் தேய்த்து நாற்காலியில் தொங்கவிட்டிருந்தாள். அதைத் தூரத்தில் நகர்த்தினாள். மளிகைக் கடைப் பையைக் கிழித்து, பிளேட்டின் மேல் பரப்பி, பெட்டியை வைத்து அழுத்தினாள். ஆம்ப்ரோஸும் சித்தப்பாவும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள், ஆஸ்பத்திரியில் நிற்பதுபோல.

முதல் காகிதத்தில் பத்து விரலும் வந்தன. இரண்டாவதில் நாலைந்து மங்கலாக. அம்மா பிளேட்டைத் திருப்பி மறுபக்கம் தேய்த்தாள். ஒவ்வொரு காகிதத்தையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள்.

"கஞ்சி போடணுமா?" என்றார் ஆம்ப்ரோஸ்.

"ஒன் வாய்க்குப் போடுறேன்."

கடைசிக் காகிதம் வெறும் காகிதமாக வந்தது. அதை சித்தப்பாவிடம் கொடுத்தாள். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மீண்டும் மாட்டினோம். இந்த முறை சித்தப்பாவின் கைக்கு அம்மா அடுப்பங்கரைக் கையுறை மாட்டிவிட்டாள். கோயில் மணிக்கு முன்னால் இன்ஜின் ஓடியது.

"கை பிரேக்கைப் போடு, மூணாவது கியர், மிதியை விடு," என்றேன். "கிளட்ச் நல்லாயிருந்தா இன்ஜின் நின்னுரணும்."

அவள் விட்டாள். வண்டி ஒருமுறை உதறிவிட்டு நின்றது.

"செத்துருச்சே," என்றார் ஆம்ப்ரோஸ்.

"சாகணும்," என்றாள் அம்மா. திருப்தியாக.

ஆனால் அது குளிர்ந்த பிளேட். சூடாகி, மேட்டில் பாரம் இழுக்கும்போதுதான் மிச்சம் ஏதும் இருந்தால் கக்கும். அது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஞாயிறு முழுவதும் பன்றித் தொடை தின்றோம், விருந்தாளிகள் வந்தார்கள், யாரும் வண்டியைப் பற்றிப் பேசவில்லை. அப்பா ஆல்பர்ட்டாவிலிருந்து போன் செய்தார்.

"நான் வந்து பாத்துக்குறேனே. அவசரப்படாதே."

"நீ ஜூன்ல வருவே சிரில். அதுக்குள்ள நான் சம்பளமே வாங்கிருவேன்."

திங்கள் விடிவதற்கு முன் கிளம்பினோம். டவுனில் எனக்கு செயின்ட் ஜான்ஸ் வேன். அம்மா சீருடைக்கு மேல் குளிர்ச்சட்டை போட்டிருந்தாள். முடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். மேட்டின் அடியில் இரண்டாவது கியருக்கு மாற்றி, ஆக்சிலேட்டரைத் தரை வரை அழுத்தினாள். நான் இன்ஜின் சத்தத்தைக் கேட்டேன். வழுக்கினால் சுருதி மட்டும் ஏறும், வண்டி ஏறாது. சுருதி நின்ற இடத்தில் நின்றது. வண்டி ஏறியது.

மேலே போனதும் அம்மா கண்ணாடியைப் பார்த்தாள்.

"அந்தப் பைத்தியக்காரன் பின்னாடியே வர்றான்."

திரும்பிப் பார்த்தேன். சித்தப்பாவின் லாரி, விளக்கு எரிய, கொஞ்ச தூரம் விட்டு. நண்டு சீசனின் முதல் காலை. மற்றப் படகுகள் கிளம்பிக்கொண்டிருந்தன. ஆம்ப்ரோஸ் படகுத்துறையில் தனியாக நின்று திட்டிக்கொண்டிருப்பார்.

"நிறுத்திப் போகச் சொல்லலாமா?"

"நிறுத்துனா கிளட்ச்தான் போச்சுன்னு நெனச்சு லாரியில ஏத்தாம விட மாட்டான். வரட்டும்."

அந்தச் சாலையில் சமதளம் குறைவு. ஏற்றம், இறக்கம், ஏற்றம். எல்லா ஏற்றத்திலும் அவள் கிளட்ச்சைச் சோதிக்க வேண்டுமென்றே ஒரு கியர் மேலேயே வைத்து இழுத்தாள். எல்லா ஏற்றத்திலும் அந்த இரண்டு விளக்கும் பின்னால் ஏறி வந்தன.

இல்லத்தின் முன்னால் வண்டியை நிறுத்தினாள். ஷிப்ட்டுக்கு நேரம் இருந்தது. இறங்கி முன்பக்கம் போய்க் குனிந்தாள்.

"கருகுன வாசம் வருதா?"

நானும் குனிந்து மூச்சை இழுத்தேன். சூடான இரும்பு. கடல். அவள் கையிலிருந்து சோப்பு வாசம்.

"இல்லம்மா."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"இல்லவே இல்ல."

சாலையில் லாரி வேகம் குறைத்தது. அம்மா கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். லாரி நிற்காமல் வாசலில் ஒரு வட்டம் போட்டுத் திரும்பி, வந்த வழியே, வந்ததைவிட வேகமாகப் போனது.

அம்மா குளிர்ச்சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். சீருடையின் முன்பக்கத்தை ஒருமுறை தடவிவிட்டுக்கொண்டாள். கதவைத் தள்ளி உள்ளே போனாள்.

அந்தக் கதவுக்குள் அவள் பத்தொன்பது வருடம் போனாள்.